அப்பாவின் மூட்டையில் வெளுத்த காய்

என் அப்பா மலையை விட்டு இறங்கி எங்களோடு வந்து இருக்க ஆசைப்பட்டாரா, இல்லை மலையிலேயே இருந்துவிட ஆசைப்பட்டாரா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. பெற்ற மகளுக்கு இதுகூடவா தெரியாது என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை. தெரிந்துகொள்ள நான் செய்த காரியமெல்லாம் கோணலாகவே போனது. நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கிற வாய் எனக்கு இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பை வைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன்.

அப்பா ஏலத்தோட்டத்தில் காய் வாட்டுகிறவர். போடிமெட்டில் பஸ்சை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடந்தால் அந்தத் தோட்டம் வரும். ஏலக்காயைப் பறித்தவுடன் விற்க முடியாது. ஒரு நாள் முழுக்க, சில சமயம் அதற்கு மேலும், சூட்டில் வைத்து வாட்டி எடுக்க வேண்டும். அதற்கென்று தோட்டத்தில் ஒரு கட்டடம் உண்டு. ஸ்டோர் என்பார்கள். வெளியே அடுப்பு வாயில் விறகு எரியும். உள்ளே தகரக் குழாய்களில் சூடு ஓடும். குழாய்க்கு மேலே வலைத்தட்டுகளில் காய் பரப்பிக் கிடக்கும். முதலில் சன்னலையெல்லாம் அடைத்துக் காயை வேர்க்க விட வேண்டும். பிறகு சரியான நேரம் பார்த்துத் திறந்து அந்த ஈரத்தை வெளியே விட வேண்டும். திறக்கப் பிந்தினால் பச்சை போய்க் காய் வெளுத்து மஞ்சளித்துவிடும். ஏலக்காய்க்கு அழகே பச்சைதான். அந்தப் பச்சையைக் காப்பாற்றிக் கொடுப்பதுதான் அப்பாவின் சோலி.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை அங்கே போயிருக்கிறேன். முதலாளி ஒரு வெப்பமானி வாங்கி மாட்டியிருந்தார். அது தொங்கிய ஆணியில் அப்பா தன் துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார். சுவரில் உள்ளங்கையை வைப்பார். தட்டிலிருந்து ஒரு காயை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். காதோரம் குலுக்குவார். "இன்னும் ஒரு பீடி நேரம்" என்பார். அவருக்குப் பீடிப் பழக்கம் கிடையாது. மற்றவர்கள் குடிக்கிற நேரத்தைக் கணக்கு வைத்துச் சொல்வார். முப்பது வருஷம் அவர் கையில் காய் கெட்டது என்று ஒருவரும் சொன்னதில்லை.

மாதம் ஒரு தடவை இறங்கி வருவார். கம்பளியில் புகையும் ஏலமும் கலந்து அடிக்கும். பையில் காட்டு நெல்லியோ ஆரஞ்சோ, ஒரு கூறு பீன்சோ இருக்கும். வந்த மனிதர் உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடிப்பதோடு சரி. அதற்கு மேல் உட்கார மாட்டார். விறகு பிளப்பார், ஓடு மாற்றுவார், பக்கத்து வீட்டு வாளிக்குப் பிடி போடுவார். "ஏப்பா, கொஞ்சம் சாயக் கூடாதா" என்றால், "சாஞ்சா எந்திரிக்க முடியாது ஆத்தா. ஒடம்பு ஏமாத்திரும்" என்பார்.

என் கல்யாணம் முடிந்த மறு வருஷம் அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு, அவருக்கு அறுபது நடக்கும்போது, ஒரு பொங்கலோடு அப்பா மலையிலிருந்து இறங்கிவிட்டார். முதலாளி வேட்டி துண்டு கொடுத்து அனுப்பினார். போடியில் எங்களோடு வந்து இருந்தார். அது ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை. கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து என் வீட்டுக்காரர் இறந்துபோனார். மூத்தவளுக்கு அப்போது மூன்று வயது. சின்னவன் வயிற்றில் இருந்தான்.

காரியம் முடிந்த மறு வாரமே அப்பா கம்பளியை உதறி மடித்தார். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சும்மா ஒக்காந்து திங்க முடியல ஆத்தா. இங்கிட்டு வெயிலு மூச்ச முட்டுது. மலக் காத்துதான் எனக்குச் சரி" என்றார்.

எங்களுக்காகத்தான் திரும்பப் போகிறார் என்று ஊரெல்லாம் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவர் வாயால் ஒரு தடவைகூட அப்படிச் சொல்லவில்லை. அந்த ஆறு மாதமும் அவருக்கு மூச்சு முட்டியதாக எனக்குத் தெரியவில்லை. பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போவார், சிரித்துக்கொண்டே திரும்புவார். ஒருவேளை முட்டியிருக்குமோ? வெளியே சொல்லாமல் இருந்திருப்பாரோ?

சின்னவன் பிறந்து மூன்று மாதம் ஆனதும் நான் கிட்டங்கிக்குக் காய் பொறுக்கப் போனேன். மலையிலிருந்து வரும் ஏலக்காய் மூட்டைகளைப் போட்டு வைக்கிற பெரிய கொட்டகை அது. அப்பாவின் முதலாளியுடையதுதான். அவருக்கு மூன்று தோட்டம். மூன்றிலிருந்தும் லோடு வரும். நாங்கள் முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மூங்கில் சுளகில் காயைப் போட்டுப் பிரிப்போம். முதல் தரம் ஒரு பக்கம், சிறுசு ஒரு பக்கம், வெடித்தது, கறுத்தது, வெளுத்தது எல்லாம் கழிவுக் கூடையில். எந்தத் தோட்டத்துக் காயோ அந்தத் தோட்டத்துக் கூடையில்தான் கழிவைப் போட வேண்டும். சாயங்காலம் கணக்குப்பிள்ளை ஒவ்வொரு கூடையாகப் பார்ப்பார். எந்த ஸ்டோரில் கழிவு கூடுகிறதோ அங்கே காய் வாட்டுகிறவரைக் கண்டிக்க ஆள் போகும். வேலை முடிந்து போகும்போது நாங்கள் வாசலில் நின்று முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். சின்னவனுக்கு உத்தரத்தில் சேலைத் தொட்டில் கட்டியிருந்தேன். அவன் ஏலக்காய் வாசனையிலேயே தூங்கி வளர்ந்தவன்.

அப்பாவின் மூட்டை வந்தால் சாக்கில் அடித்த அடையாளத்தைப் பார்க்காமலேயே எனக்குத் தெரியும். வாயைக் கட்டுகிற கயிற்றை அவர் மூன்று புரியாகப் பின்னித்தான் கட்டுவார். வீட்டுக்கு வரும்போது என் மகளுக்கும் அதே பின்னல்தான் போட்டுவிடுவார். "தாத்தா பின்னுனா கண்ணு மேல இழுக்குதும்மா" என்று அவள் அழுவாள். ஆனாலும் இரண்டு நாளைக்கு அவிழ்க்க விடமாட்டாள்.

அது எழுபத்தேழாம் வருஷமோ எழுபத்தெட்டோ. மழைக்காலத்தில் ஒரு நாள் அப்பாவின் மூட்டை ஒன்றை அவிழ்த்துச் சுளகில் கொட்டினேன். முதலில் வெளிச்சம்தான் சரியில்லை என்று நினைத்தேன். சுளகைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். வெளுத்திருந்தது. பாதிக்கு மேல் வைக்கோல் நிறம். என் கை நின்றுவிட்டது.

"என்னத்தா, காயோட பேசிக்கிட்டிருக்கியா? கைய ஓட்டு" என்று கணக்குப்பிள்ளை சத்தம் போட்டார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்பாவின் கூடையில் இதைப் போட்டால் சாயங்காலம் கணக்குப்பிள்ளை கண்ணில் படும். முதலாளி காதுக்குப் போகும். முப்பது வருஷம் கெடாத பேர் இன்றைக்குக் கெடும், அதுவும் என் கையால். கிழவனுக்கு இனி முடியாது என்று சொல்லி இறக்கிவிடுவார்கள். அவமானத்தோடு இறங்கி வந்தால் அப்பா எப்படி நிமிர்ந்து நடப்பார் என்றுதான் நினைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

அப்போது செய்ததை இன்றைக்குத்தான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். மற்ற இரண்டு தோட்டத்துக் கூடைகளிலும் ஒவ்வொரு கையாகப் போட்டேன். என் வரிசையில் மட்டும் போட்டால் தெரிந்துவிடும் என்று, தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் தூரத்துக் கூடைகளிலும் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் எல்லாக் கூடையிலும் கொஞ்சம் கூடியிருந்தது. ஒன்றிலும் மிதமிஞ்சி இல்லை. "இந்த வருசம் மழ ஜாஸ்தி, எல்லாத் தோட்டத்துலயும் அப்பிடித்தான் இருக்கு" என்று கணக்குப்பிள்ளை தானாகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். நான் முந்தானையை உதறிவிட்டு வெளியே வந்தேன். முந்தானையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் திருடிவிட்டு வந்ததுபோலத்தான் இருந்தது.

அந்த மாதம் அப்பா இறங்கி வந்தார். குளித்துவிட்டுப் பேரனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் சோறு போட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"போன லோடுல நம்ம காய் எப்பிடி இருந்துச்சு ஆத்தா?"

அதற்கு முன் ஒரு நாளும் அவர் இப்படிக் கேட்டதில்லை. 

"பச்சப் பசேல்னு இருந்துச்சுப்பா."

"நல்லாப் பாத்தியா?"

"நாந்தான பொறுக்குனேன்."

"மொதலாளி ஒண்ணும் சொல்லலையா?"

"அவரு என்ன சொல்லப் போறாரு. ஒங்க காய்க்கு யாரு சொல்லுவா?"

"அப்பிடியா" என்றார். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "சரி" என்றார். பயந்துபோய்க் கேட்கிறார், நான் சொன்னதில் நிம்மதியாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். அப்பாவைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு பெருமைகூட இருந்தது. மறுநாள் அவர் மலைக்குப் போகும்போது மகள் வாசலில் நின்று, "தாத்தா வெரசா வா" என்று கத்தினாள். அவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த லோடும் வெளுத்திருந்தது. அதற்கடுத்ததும். மூன்று லோடையும் நான் பரப்பி மறைத்தேன்.

எனக்குப் பக்கத்தில் உட்காருகிற அக்கா ஒருத்தி ராசிங்காபுரத்திலிருந்து வருகிறவள். வாயில் எப்போதும் வெற்றிலை. ஊர் வம்பெல்லாம் அவள் நாக்கில் இருக்கும். ஆனால் ஒருத்தர் ரகசியத்தை இன்னொருத்தரிடம் விற்க மாட்டாள். நான் மூன்றாவது தடவை தண்ணீர் குடிக்க எழுந்தபோது சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"ஏத்தா வாயில்லாப்பூச்சி, ஒனக்கு என்ன நீர்க்கடுப்பா? மூணு மாசமாப் பாக்குறேன், கொடம் கொடமாக் குடிக்கிற."

நான் கையை மூடிக்கொண்டேன். அவள் என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். வெளுத்த காய் இருந்தது.

"ஒங்கப்பன் காயா?"

தலையை ஆட்டினேன்.

வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பிவிட்டு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கூறு கெட்டவளே. முப்பது வருசமா வெளுக்காத காய் இப்ப எப்பிடி வெளுக்குதாம்? கெழவனுக்குப் பேரம்பேத்தி மொகத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கணும்னு இருக்கோ என்னமோ. தானா எறங்குறேன்னு சொல்ல அந்தாளுக்கு ரோசம் விடாது. மொதலாளியே போன்னு சொல்லட்டும்னு பாக்குறாரு. நீ என்னடான்னா மல மேலயே கட்டிப் போடுற."

"அப்பா அப்பிடிச் செய்ய மாட்டாருக்கா. காயக் கெடுக்க அவருக்கு மனசு வராது."

"நீ கண்டியா?"

நான் காணவில்லை. அந்தச் சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். நல்லாப் பாத்தியா என்றாரே, முதலாளி ஒன்றும் சொல்லலையா என்றாரே. பயத்தில் கேட்டதாக நான் நினைத்தது, ஆசையில் கேட்டதோ? நான் பச்சைப் பசேல் என்று சொன்னதும் அப்படியா என்றாரே, அது நிம்மதியா ஏமாற்றமா? அவர் முகம் நினைவுக்கு வரவில்லை. நான் சோற்றையும் குழந்தையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் முகத்தையும் நேருக்கு நேர் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை, பெற்ற அப்பாவாக இருந்தாலும்.

இரண்டு வாரம் யோசித்தேன். அக்கா சொன்னது சரி என்று ஒரு நாள் தோன்றும். அப்பாவா அப்படிச் செய்வார் என்று மறுநாள் என் மேலேயே கோபம் வரும். அவருக்கு வயதாகிவிட்டது, கை தளர்ந்துவிட்டது, அவ்வளவுதான் என்று மூன்றாம் நாள் தோன்றும். எப்படிப் பார்த்தாலும் இனி மறைக்கக் கூடாது என்ற முடிவுக்கு வந்தேன். வர ஆசைப்பட்டால் வரட்டும். முடியாமல் போயிருந்தாலும் வரட்டும். பேர் போனால் போகிறது, ஆள் வேண்டுமே.

அடுத்த லோடு வந்தது. மூன்று புரிக் கயிற்றை நானே அவிழ்த்தேன். சுளகில் கொட்டினேன். இளம்புல் மாதிரி பச்சை. ஒரு காய்கூட வெளுக்கவில்லை. அடுத்த மூட்டையும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

அக்காவைப் பார்த்தேன். அவளும் எட்டிப் பார்த்தாள். "மழ நின்னுபோச்சுல்ல, அதான்" என்றாள். அவள் குரலிலும் முன்பிருந்த உறுதி இல்லை.

மறைக்கிறவரை வெளுத்த காய், மறைக்க மாட்டேன் என்றதும் எப்படிப் பச்சையானது? அன்றைக்குச் சோற்றை வைத்துக்கொண்டு கேட்டுப் பார்த்து, நம் மகள் புரிந்துகொள்ள மாட்டாள் என்று விட்டுவிட்டாரா? அல்லது அக்கா சொன்னதுபோல வெறும் மழைதானா? அதைப் பற்றி மட்டும் நான் இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவர் மலையில்தான் இருந்தார். எப்போதாவது ஒரு மூட்டை லேசாக வெளுத்து வரும், கழிவுக் கூடையில் உள்ளபடி போடுவேன், யாரும் கவனிக்கிற அளவுக்கு இருக்காது. அவர் இறங்கி வரும்போதெல்லாம் இருமல் கூடியிருந்தது. விறகு பிளக்கும்போது நடுவில் கோடரியை ஊன்றிக்கொண்டு நிற்பார். "புக" என்று ஸ்டோர்ப் புகையைச் சொல்வார் ஒரே வார்த்தையில். காயைப் பற்றி அவரும் கேட்கவில்லை. நானும் பேசவில்லை.

மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் நான் ஒரு காரியம் செய்தேன். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். முதலாளி வீட்டுக்குத் தனியாகப் போனேன். கொல்லைப்புறக் கதவருகே நின்றேன். அவரே எதற்கோ அங்கே வந்தார்.

"யாரு, ஸ்டோர்க்காரர் மகளா? என்னத்தா?"

வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது எல்லாம் போய்விட்டது. "அப்பாவ அனுப்பி விடுங்கய்யா" என்றேன்.

"அவரு சொல்லி விட்டாரா?"

"இல்லங்கய்யா."

"பெறகு?"

நான் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நல்ல மனிதர். அதட்டவில்லை.

"போன வருசம் நானே கேட்டேன்த்தா, பெரியவரே எறங்குறீகளான்னு. எனக்கு இங்க சோலி இல்லேன்னு ஒங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லுங்கன்னாரு. நான் எப்பிடிச் சொல்லுவேன்? காயி பச்சப் பசேல்னு வந்துக்கிட்டு இருக்கு. அந்த மழ வருசத்துல, எல்லாத் தோட்டத்துக் காயும் வெளுத்துச்சு, ஒங்கப்பன் காய்தான் கொஞ்சமா வெளுத்துச்சு."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அய்யா, அது நான் செய்தது என்று.  "இருமல் ஜாஸ்தியா இருக்குய்யா" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அடுத்த வாரமே ஜீப்பில் ஆள் போனது.

அப்பா கம்பளி, ஒரு ஈயப் போகிணி, ஒரு அரிவாள் இவற்றோடு வந்து இறங்கினார். பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள். இரண்டு பேரையும் தடவிக்கொடுத்தார். பிறகு உள்ளே வந்து என்னிடம் கேட்டார்.

"யாரக் கேட்டு மொதலாளி வீட்டு வாசல மிதிச்ச?"

"ஒங்களுக்கு முடியலன்னுதான்ப்பா…"

"முடியலன்னு நான் சொன்னனா? ஓங்கிட்டச் சொன்னனா?"

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அப்படியானால் அவருக்கு வர ஆசையே இல்லையா? அக்கா சொன்னதெல்லாம் வெறும் பேச்சா? அப்படியும் முடிவுகட்ட முடியவில்லை. ஏனென்றால் நாலாவது நாள் காலையில் பார்க்கிறேன், பேத்திக்குத் தலை பின்னிவிட்டு, பேரனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அவளைப் பள்ளிக்கூடத்தில் விடக் கிளம்பிவிட்டார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என்னைப் பார்த்ததும் அந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் மடித்து வைத்துக்கொண்டதுபோல இருந்தது.

அவர் எங்களோடு இருந்த வருஷங்களில் ஒரு நாள்கூடச் சும்மா இருந்தவர் இல்லை. கிட்டங்கியிலிருந்து கிழிந்த சாக்குகளை வாங்கி வந்து தைத்துக் கொடுப்பார். பேரனைக் கூட்டிக்கொண்டு சிலமலைப் பக்கம் போய், கடலை வெட்டிய காட்டில் விட்டுப்போன கடலையைப் பொறுக்கி வருவார்கள். அவனுக்குக் காய்ச்சல் கண்டபோது ஆஸ்பத்திரிக்கு அவனைத் தூக்கிக்கொண்டே நடந்தார். ரிக்சா பிடிக்கலாம் என்றேன். "பிள்ளைக்கு ஆட்டம் ஆகாது" என்றார். பேத்தி வயதுக்கு வந்து பள்ளிக்கூடம் போதும் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது, "அவ படிப்பா" என்றார். அதோடு பேச்சு நின்றது.

ஆனால் நான் சொல்ல வந்தது அவர் இறங்கி வந்த முதல் வருஷத்தில் நடந்தது. ஒரு மத்தியானம் அவர் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து கிழிசலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, சாக்கைப் பார்த்தால் போதும் என்ற தைரியத்தில் வாய் வந்துவிட்டது.

"அப்பா, அந்த மழ வருசம் வெளுத்த காய நாந்தான் மறச்சேன்."

ஊசி நின்றது. "எந்த வெளுத்த காய்?"

"ஒங்க ஸ்டோர்ல இருந்து வந்தது. மூணு லோடு. எல்லாக் கூடையிலயும் பரப்பிப் போட்டுட்டேன்."

"எங் கையிலயா? எங் கையில வெளுத்துச்சா?"

"ஆமாப்பா."

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். நிஜமாகவே தெரியாதவர் கேட்பதுபோலத்தான் இருந்தது. தெரிந்தவர் தெரியாததுபோல் கேட்டாலும் அப்படித்தான் இருக்கும். பிறகு சொன்னார்.

"நான் கேட்டேன்ல ஆத்தா. சோத்த வச்சுக்கிட்டு ஓங்கிட்டக் கேட்டேன்ல, காய் எப்பிடி இருக்குன்னு."

"கேட்டீக."

"பச்சப் பசேல்னு இருக்குன்னு சொன்னியே."

 ஊசியை மறுபடி எடுத்து, நழுவியிருந்த நூலைக் கோத்தார். ஒரே தடவையில் கோத்துவிட்டார். கோணி ஊசியின் காது பெரிது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அவருக்குக் கண் மங்கியிருந்ததா? நிறம் தெரியாமல், நமக்குத்தான் அப்படித் தெரிகிறதோ என்று சந்தேகப்பட்டு, நம் மகளாவது உள்ளதைச் சொல்வாள் என்று கேட்டாரா? அப்படியென்றால் நான் செய்தது காப்பாற்றியதா, கண்ணைக் கட்டியதா? இருக்கிற குழப்பம் போதாதென்று இது ஒன்று சேர்ந்துகொண்டது. கண்ணு எப்பிடிப்பா இருக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அவர் பேரை நானே இரண்டாம் தடவை கெடுத்ததாக ஆகும் என்று பட்டது.

மறுநாள் சாயங்காலம் குழாயடியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்தேன். வாசலில் அப்பாவும் மகளும் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். பொங்கலுக்குக் கிட்டங்கியில் ஆளுக்கு ஒரு கை காய் கொடுப்பார்கள், நல்லதும் கழிவும் கலந்து. அடுப்படி டப்பாவில் மிச்சமிருந்ததை எடுத்துத் தரையில் போட்டிருந்தார் அப்பா. இரண்டு காயைக் கையில் எடுத்துப் பேத்தியிடம் நீட்டினார்.

"இதுல எது பச்ச?"

"ஒனக்குத் தெரியாதா தாத்தா?"

"ஒனக்குத் தெரியுதான்னு பாக்குறேன்."

அவள் ஒன்றைத் தொட்டாள். அவர் அதைத் தனியாக வைத்தார். மறுபடி இரண்டை எடுத்தார். மறுபடி கேட்டார். அவள் தொட்டாள். அவர் முகம் காய்க்கு மிகவும் பக்கத்தில் இருந்தது. அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாரா, அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாரா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. குடத்தை இறக்காமலே நின்றேன். இடுப்பில் தண்ணீர் வழிந்தது.

"நான் சொன்னது சரியா தாத்தா?" என்று மகள் கேட்டாள்.

அப்பா அப்போதுதான் நான் நிற்பதைப் பார்த்தார். காய் இருந்த கையை என் பக்கம் நீட்டினார்.

"ஒங்கம்மாட்டக் கேளு. அவதான பொறுக்குறவ."

அதைக் கோபத்தில் சொன்னாரா, கேலியாகச் சொன்னாரா, நான் சொல்வதைக் கேட்க வேண்டியிருந்துதான் சொன்னாரா, தெரியவில்லை. குடத்தை இறக்கி வைத்தேன். அவர் கையில் இருந்த இரண்டையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.

"இது பச்சப்பா. இது வெளுத்தது."

"ம்" என்றார். தரையிலிருந்து இன்னும் இரண்டை எடுத்து நீட்டினார்.